நானூற்றுப் பன்னிரண்டாவது ஜோடி

"இந்த மனநோய் எழுபத்தெட்டு சதவீதம் பரம்பரைன்னு கணக்கு சொல்லுது. அப்படின்னா எனக்கும் வருமா மேடம்?"

ஜெசிந்தா நின்றுகொண்டே கேட்டாள். உட்காரச் சொல்லி இரண்டு முறை ஆகிவிட்டது.

நாற்பத்தோரு வயது அவளுக்கு. மனநல வார்டில் நர்சாக இருந்துவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவள். வழிகாட்டி ஹஸீனா புள்ளியியல் பேராசிரியர். அவளைவிட ஏழு வயது இளையவர்.

ஜெசிந்தாவும் பெல்சியும் ஒரே கரு பிரிந்து பிறந்த இரட்டையர். முப்பத்தைந்தாவது வயதில் பெல்சிக்குக் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. அன்றிலிருந்து ஜெசிந்தா தன் காதையே ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தாள். மிக்சி நின்ற பிறகும் இரைச்சல் கொஞ்சம் மிச்சமிருந்தால் போதும், அவளுக்கு மூச்சு நின்றுவிடும்.

"இந்த எண் எப்படி வந்துச்சுக்கா?" என்றார் ஹஸீனா.

"ஒரே கருவுல பிறந்த இரட்டையர் எவ்வளவு ஒத்திருக்காங்கன்னு பார்த்தோம். தனித்தனிக் கருவுல பிறந்தவங்களையும் பார்த்தோம். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரட்டிப்பாக்கினோம்."

"எத்தனை ஜோடி?"

"நானூற்றுப் பன்னிரண்டு. கடைசி ஜோடி நாங்க."

ஹஸீனா கணினியில் கடைசி ஜோடியை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிட்டார்.

எழுபத்தெட்டு.

"நீங்க ரெண்டு பேரும் இல்லாமலும் அதேதான். அப்ப இது யாரைப் பத்தின எண்?"

"ஊரைப் பத்தி. ஊருக்குள்ள ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசத்தைப் பத்தி." ஜெசிந்தாவின் குரல் உயர்ந்தது. "அந்தப் பாடமெல்லாம் எனக்கும் தெரியும் மேடம். நான் என்னைப் பத்திக் கேட்கிறேன்."

ஹஸீனா அலமாரியைத் திறந்து இரண்டு படிவங்களை எடுத்தார். ஒன்று ஜெசிந்தாவுடையது, மற்றது பெல்சியுடையது. மேசைமேல் அருகருகே வைத்தார்.

முதல் கேள்வி: பயம் வருமா? இரண்டிலும் ஒரே பதில். எப்போதும்.

இரண்டும் ஒரே கையெழுத்து.

ஜெசிந்தா உட்கார்ந்தாள்.

"அவளைப் பத்தி எனக்குத் தெரியாதா மேடம்?"

"கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"நாலு வருஷம் இருக்கும்." பெல்சியின் படிவத்தைக் கவிழ்த்து வைத்தாள். "போனா, அவ இருக்கிற இல்லத்துல நானே உட்கார்ந்திருப்பேனோன்னு பயம்."

"இந்த ஜோடி கணக்குல வராதுக்கா. ஒருத்தர்தான் பதில் சொல்லியிருக்கார்."

ஹஸீனா வெற்றுப் படிவம் ஒன்றை நீட்டினார்.

மறுநாள் காலைப் பேருந்தில் ஜெசிந்தா மூன்று முறை இடம் மாறி உட்கார்ந்தாள். பெல்சி இருந்த வள்ளியூரில் இறங்கி, ஊருக்குத் திரும்பிப் போகிற வண்டியில் ஏறினாள். அது கிளம்புவதற்குள் குதித்து இறங்கினாள்.

மனநல இல்லத்தின் பின்கட்டில் நாலைந்து பெண்கள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குள் ஜெசிந்தா தன் முகத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை. கிராப்பு வெட்டி, சதை போட்டு, மூக்குக்கண்ணாடி மாட்டிய ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்துட்டியா? உட்காரு," என்றாள் பெல்சி.

என்ன பேசுவதென்று தெரியாமல் ஜெசிந்தா படிவத்தை விரித்தாள்.

"பயம் வருமாடி?"

"எப்பவாவது."

"வந்தா?"

"இங்க வந்து இவங்களோட உட்கார்ந்துக்குவேன்."

ஜெசிந்தா எழுதி முடிக்கும்வரை பெல்சி காத்திருந்தாள். பிறகு தன் கீரையில் பாதியை அள்ளி அவள் மடியில் போட்டாள்.

"பயம் வந்தா நீ என்னடி பண்ணுவ?"