அத்திமரத்துக்குப் போன வீட்டுச் சேதி

மலைக்காட்டில் பொன்மூக்கன் என்றொரு இருவாச்சிப் பறவை இருந்தான். முட்டையிடும் காலம் வந்ததும் அவன் மனைவி செவ்வந்தி ஒரு மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் பூசி அடைத்துக்கொண்டாள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். அதன் வழியே பழம் ஊட்டுவது பொன்மூக்கனின் வேலை. இருவாச்சிக் குலத்தில் அதுதான் வழக்கம்.

பழம் பறிக்க அவன் ஓடையோரத்து அத்திமரத்துக்குப் போவான். பாதிக் காடு அங்கேதான் கூடும். யாராவது ஒரு சேதி சொன்னால், பிடித்தவர்கள் படபடவென்று சிறகு தட்டுவார்கள். அந்தச் சத்தம் இருக்கிறதே, அது பொல்லாத ருசி! ஒரு தடவை கேட்டுவிட்டால் பழம்கூட இரண்டாம்பட்சம்தான்.

"எங்க வீட்டுல குஞ்சு பொரிச்சாச்சு!" என்றான் பொன்மூக்கன்.

மரமே படபடத்தது.

"எத்தனை குஞ்சு?" என்று கேட்டது ஒரு கிளி.

"ஒண்ணே ஒண்ணு, கண்ணே கண்ணு!"

சில நாளில் குஞ்சு கண் திறந்ததைச் சொன்னான். அதற்கடுத்த நாள் எந்த மரம், எந்தப் பக்கத்துப் பொந்து என்பதையும் சொன்னான். எல்லாவற்றுக்கும் சிறகு தட்டினார்கள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

கீழ்க்கிளையில் ஒரு மரநாய் பழம் தின்றுகொண்டிருந்தது. "அண்ணே, பொந்து பத்திரம்தானே? ஒரு அக்கறையில கேக்குறேன்" என்றது.

"சுவர் கல்லு மாதிரி இறுகிக் கெடக்கு! நீ சுரண்டினா உன் நகம்தான் பெயரும்!"

"நல்லதுண்ணே, நல்லது" என்றது மரநாய்.

அன்று மரத்தில் நடந்ததை அவன் பெருமையாகச் சொல்ல, கீறல் வழியே செவ்வந்தி கேட்டாள். "ஏங்க, நம்ம வீட்டு விஷயத்தை ஊர் முழுக்க ஏன் சொல்றீங்க?"

"நாலு பேர் சந்தோஷப்படுறாங்க. உனக்கென்ன?"

"சந்தோஷப்படுறது நாலு பேருன்னா, கேட்டுக்கிறது நாற்பது பேருங்க!"

கேட்டானா? எங்கே கேட்டான்!

குஞ்சு வளர்ந்தது. அப்பன் கொண்டுவரும் பழம் போதவில்லை. செவ்வந்தி சுவரை உடைத்து வெளியே வந்தாள். குஞ்சு தன் சின்ன அலகால் உள்ளிருந்தே வாசலைப் பூசி அடைத்தது. பார்ப்பவர்களுக்கு அது பழைய சுவர் மாதிரியே இருந்தது. ஆனால் ஈரம் காயவில்லை. நகம் பட்டாலே பெயர்ந்துவிடும்.

"காயுற வரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாதுங்க. தெரியாதவரை பயமில்லை" என்று சொல்லிவிட்டு, செவ்வந்தி இரை தேட மேற்கு மலைக்குப் பறந்தாள்.

பொன்மூக்கன் அத்திமரத்துக்குப் போனான். இரண்டு பழத்தைப் பறித்துக்கொண்டு திரும்பியிருக்கலாம். பாழும் வாய் சும்மா இருந்தால்தானே!

"கேட்டீங்களா சங்கதியை! என் பிள்ளை தானே சுவர் பூசிட்டான்! இன்னும் ஈரம்கூடக் காயலை! அவங்கம்மாவும் வெளியே வந்துட்டா!"

அன்றைக்கு விழுந்த சிறகடி போல அந்த மரத்தில் என்றைக்குமே விழுந்ததில்லை. பிந்தி வந்தவர்களுக்காக அவன் மறுபடியும் முதலிலிருந்து சொன்னான். சொல்லி முடித்துக் குனிந்து பார்த்தான். கீழ்க்கிளையில் இருந்த மரநாயைக் காணோம்.

 பழத்தை மறந்து வீட்டுக்குப் பறந்தான்.

பொந்தின் வாசல் பெயர்ந்து கிடந்தது; விளிம்பெல்லாம் மரநாயின் நகத்தடம். உள்ளே கொஞ்சம் இறகுத் தூவிதான் இருந்தது. குஞ்சு இல்லை.

செவ்வந்தி அலகு நிறையப் பழத்தோடு வந்தாள். வாசலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "சுவர் ஈரம்னு மரநாய்க்கு யாருங்க சொன்னது?" என்று கேட்டாள்.  ஐயோ, அந்த ஒரு வார்த்தையை விழுங்கியிருக்கக் கூடாதா என்று பொன்மூக்கனின் நெஞ்சு அடித்துக்கொண்டது.

அதன்பின் அவன் அத்திமரத்துப் பக்கம் போகவில்லை. ஆனால் சேதி போய்க்கொண்டுதான் இருந்தது.

சில நாள் கழித்து அடுத்த மலையிலிருந்து இரண்டு பச்சைப்புறாக்கள் வந்து பொந்துக்குப் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்தன.

"தானே சுவர் பூசின கெட்டிக்காரக் குஞ்சு இங்கதானே இருக்கு? எங்க மலையெல்லாம் இதே பேச்சு! ஒரு தடவை பார்த்துட்டுப் போறோம்!"

செவ்வந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொன்மூக்கன் தலை குனிந்து அழுதான்.

நாலு பேர் பாராட்டுக்காக வீட்டு ரகசியத்தை ஊர் முன்னால் வைத்தால், பிறகு வைத்தவனே நினைத்தாலும் அதைத் திரும்ப எடுக்க முடியாது.