ஆட்காட்டி எடுத்த மட்டிக் கணக்கு

நரியும் கீரியும் குரங்கும் ஒரு கழிமுகத்தின் கரையில் வாழ்ந்தன. சுற்றிலும் அலையாத்திக் காடு. நடுவில் ஒரு மட்டித் திட்டு. கடல் நீர் ஏறினால் திட்டு மூழ்கிவிடும். நீர் வற்றினால் சேறு வெளியே தெரியும். அந்தச் சேற்றுக்குள் மட்டி என்னும் சிப்பிகள் ஓட்டை இறுக மூடிக்கொண்டு கிடக்கும்.

நீர் வற்றினால் போதும், மூன்றுக்கும் ஒரே கொண்டாட்டம்! நரி வயிறு முட்ட எலி தின்றுவிட்டு வந்து தோண்டும். கீரி மட்டியைப் பாறையில் எறிந்து உடைக்கும். பாதி மட்டியை அந்தச் சத்தத்துக்காகவே உடைத்தது. குரங்கோ, யார் அதிகம் தோண்டுவது என்று பந்தயம் கட்டும். தின்றது கொஞ்சம், மிதித்துப் போட்டது கொஞ்சம். பசியா அவர்களுக்கு? அதெல்லாம் ஒன்றும் இல்லை. வெறும் பொழுதுபோக்கு!

பசிக்காகத் தோண்டியது ஒரே ஒரு ஜீவன்தான். அது ஒரு தாய் நீர்நாய். அதன் முன்னங்கால் ஒன்றில் தூண்டில் முள் ஏறி, கால் சூம்பிப் போயிருந்தது. அதனால் மீனைத் துரத்திப் பிடிக்க முடியாது. வளைக்குள் மூன்று குட்டிகள் வேறு. ஒற்றைக் கையால் தோண்டித் தோண்டி, ஒரு வற்றத்துக்கு, அதாவது நீர் ஒரு முறை வற்றித் திரும்ப ஏறுவதற்குள், அறுபது மட்டி எடுக்கும். அதில்தான் நான்கு வயிறும் நிறைய வேண்டும்.

அந்தக் கழிமுகத்துக்கு ஒரு முதலையார் தலைவராக இருந்தார். ஒரு நாள் அவர் வழக்கம்போலத் திட்டின் மேல் ஏறிப் படுத்தார். படுத்தவருக்கு என்னவோ போலிருந்தது. புரண்டு பார்த்தார். பிறகு, அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஆட்காட்டிக் குருவியைக் கூப்பிட்டார்.

"ஏ ஆட்காட்டி! முன்னெல்லாம் இங்கே படுத்தா மட்டி ஓடு வயித்துல குத்தும். இப்போ மெத்தை மாதிரி இருக்கு. மட்டி குறைஞ்சுகிட்டு வருது!"

"ஆமாங்க தலைவரே, எனக்கும் அப்படித்தான் தோணுது!"

"இந்தத் திட்டு ஒரு வற்றத்துக்கு நூறு மட்டி கொடுக்கும். அதுக்கு மேலே எடுத்தா அழிஞ்சிரும். யார் யார் எத்தனை எடுக்கிறாங்கன்னு வீடு வீடாப் போய்க் கேட்டுட்டு வா. அவங்க சொல்றதை அப்படியே குறிச்சுக்கோ."

"எதுக்குன்னு கேட்டா என்னங்க சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாதே! சொன்னா, அதுக்குத் தகுந்த மாதிரி பேசுவாங்க!"

முதலையார் தம்மைப் பெரிய கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டார். காரணம் சொல்லாமல் கேள்வி கேட்டால் ஊர் சும்மா இருக்குமா? தானே ஒரு காரணத்தைக் கட்டிவிடாதா?

அதேதான் நடந்தது. ஆட்காட்டியைப் பற்றித்தான் தெரியுமே! யாரைப் பார்த்தாலும் கத்திக் காட்டிக்கொடுக்கிற குருவி. அது கணக்கெடுக்க வரப்போகிறது என்று நரி கேள்விப்பட்டது. ஓடிப்போய் எல்லாரிடமும் சொன்னது.

"சேதி தெரியுமா? அதிகமா மட்டி எடுக்கிறவங்களைக் கழிமுகத்தை விட்டே துரத்தப் போறாங்களாம்!"

"ஐயையோ! யார் சொன்னா?"

"யார் சொன்னா என்ன? வேற எதுக்குக் கணக்கு கேக்கறாங்க?"

அவ்வளவுதான். யாரும் சொல்லாத சேதி, பொழுது சாய்வதற்குள் சட்டமாகிவிட்டது.

மறுநாள் ஆட்காட்டி கண்டல் மர இலைகளைக் கவ்விக்கொண்டு கிளம்பியது. ஒருவருக்கு ஓர் இலை. ஒரு மட்டிக்கு ஒரு கொத்து. அதுதான் அதன் கணக்கு.

முதலில் நரியிடம் போனது. "நரி அண்ணே! ஒரு வற்றத்துக்கு எத்தனை மட்டி எடுப்பீங்க?"

"நானா? சும்மா வாய் ருசிக்கு ஒரு அஞ்சு!"

நரி எடுத்தது ஐம்பது. ஆட்காட்டி ஐந்து கொத்து கொத்தியது.

அடுத்து கீரி. "எத்தனைங்க?"

"மூணு! அதுவும் மனசு சரியில்லாத நாள்ல மட்டும்!"

கீரி எடுத்தது நாற்பது. இலையில் மூன்று ஓட்டை விழுந்தது.

குரங்கு கிளையில் உட்கார்ந்திருந்தது. இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் இருந்தன. கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

"குரங்கண்ணே, நீங்க?"

"மட்டியா? சேச்சே! அந்த வாடையே எனக்கு ஆகாது. குமட்டிக்கிட்டு வரும்!" என்றது குரங்கு. வாயிலிருந்து மட்டிச் சாறு வழிந்தது.

ஆட்காட்டிக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அந்த இலையைக் கொத்தாமல் அப்படியே வைத்துக்கொண்டது. சொன்னதைக் குறி என்றுதானே உத்தரவு! பார்த்ததைக் குறி என்று யாரும் சொல்லவில்லையே!

கடைசியாக நீர்நாயின் வளைக்கு வந்தது. வாசலில் மட்டி ஓடுகள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்தன. மேலே கிடந்த ஓடுகள் இன்னும் ஈரமாக இருந்தன. உள்ளே மூன்று குட்டிகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு விளையாடின.

"நீர்நாய் அக்கா! ஒரு வற்றத்துக்கு எத்தனை எடுப்பீங்க?"

நீர்நாய் குட்டிகளைத் திரும்பிப் பார்த்தது. அறுபது என்று சொல்ல வாய் வரை வந்தது. நரி சொன்னது நினைவுக்கு வந்தது. இந்தக் காலை வைத்துக்கொண்டு, மூன்று குட்டிகளையும் இழுத்துக்கொண்டு எங்கே போவது?

"ஒரு... ஒரு பத்து இருக்கும் தம்பி."

ஆட்காட்டி குவியலைப் பார்த்தது.

"அதெல்லாம் பழைய ஓடு!" என்று நீர்நாய் அவசரமாகச் சொன்னது. "தம்பி, பத்துன்னே குறிச்சுக்கோப்பா. பிள்ளைக்காரி, உனக்குப் புண்ணியமாப் போகும்!"

ஆட்காட்டிக்கு மனசு இளகிவிட்டது. பாவம், போகட்டும் என்று பத்தே கொத்து கொத்தியது. நல்லது செய்வதாகத்தான் அது நினைத்தது. அதைத் திட்டி என்ன ஆகப்போகிறது!

முதலையார் இலைகளை வரிசையாக வைத்துப் பார்த்தார். ஐந்து, மூன்று, ஒன்றுமில்லை, பத்து. மொத்தம் பதினெட்டு.

"பதினெட்டுதானா! நான்தான் வீணாப் பயந்துட்டேன்!" என்று வாயைத் திறந்து சிரித்தார்.

அந்தச் சமயத்தில் அக்கரையிலிருந்து காட்டுப்பன்றிகள் வந்து நின்றன. அவர்கள் பக்கம் கிழங்கு விளையும் மேட்டில் உப்புத் தண்ணீர் ஏறிவிட்டது. "தலைவரே! பசியா இருக்கு! உங்க திட்டுல கொஞ்ச நாள் பிழைச்சுக்கறோம்!" என்று கெஞ்சின.

"அதுக்கென்ன! நூறுல பதினெட்டுதான் செலவு. மிச்சம் வீணாத்தானே கிடக்கு. வாங்க, வாங்க!" என்றார் முதலையார்.

பன்னிரண்டு பன்றிகள் திட்டில் இறங்கின. பன்றி எண்ணியா தின்னும்? மூக்கால் சேற்றை உழுதன. பெரிய மட்டியைத் தின்றன. நகம் அளவு குஞ்சு மட்டிகளைக் குளம்பால் மிதித்து நொறுக்கின.

நீர்நாய் கரையில் நின்று பார்த்தது. முதலையாரிடம் ஓடிப்போய் உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால், பொய் சொன்னவள் என்று தெரிந்துவிடுமே! நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பிவிட்டது. மறுநாளும் அப்படியே சொல்லிக்கொண்டது.

நான்காம் நாள் திட்டில் மட்டி அநேகமாக இல்லை. பன்றிகள் வேறு இடம் தேடிப் போய்விட்டன. நீர்நாய் நீர் வற்றியது முதல் திரும்ப ஏறும் வரை தோண்டியது. ஒற்றைக் கை நகமெல்லாம் கிழிந்தது. கிடைத்தது நான்கே நான்கு மட்டி.

அதற்குப் பிறகுதான் அது முதலையாரிடம் போனது.

"தலைவரே! என் குட்டிங்க பட்டினி கிடக்குதுங்க!"

"ஏன்? உனக்குப் பத்துதானே வேணும்? பத்து கூடவா கிடைக்கல?"

"பத்து இல்லைங்க. அறுபது. பயந்துபோய்ப் பொய் சொல்லிட்டேன்!"

"எதுக்குப் பயந்தே?"

"அதிகமா எடுக்கிறவங்களைத் துரத்தப் போறீங்கன்னு சொன்னாங்களே!"

முதலையாருக்கு முகம் கறுத்தது. "அடிப்பாவி! விளையாட்டுக்குத் தோண்டுறவங்களை நிறுத்தத்தானே கணக்கு எடுத்தேன்! உனக்கு அறுபது வேணும்னு உண்மையைச் சொல்லியிருந்தா, பசியில்லாத மத்த மூணு பேரையும் ஒரு மட்டி கூடத் தொட விட்டிருக்க மாட்டேனே! திட்டு முழுசும் உனக்குத்தானே இருந்திருக்கும்! பன்றிகளையும் அன்னிக்கே திருப்பி அனுப்பியிருப்பேனே!"

நீர்நாய் சேற்றில் உட்கார்ந்து அழுதது. முதலையாரும் தலையைக் குனிந்துகொண்டார். "நானும் எதுக்குன்னு சொல்லியிருக்கணும்," என்று முணுமுணுத்தார். அதனால் ஒரு மட்டி கூட முளைக்கவில்லை.

நரியிடமும் கீரியிடமும் குரங்கிடமும் விஷயம் போனது.

"அடடா, மட்டி தீர்ந்துபோச்சா?" என்றது நரி. "சரி விடு, எலி இருக்கு!"

"எனக்கு முட்டை இருக்கு!" என்றது கீரி.

"எனக்கு ஈச்சம்பழம்!" என்றது குரங்கு. மூன்றும் அவரவர் வழியே போய்விட்டன.

நாலைந்து நாள் பட்டினிக்குப் பிறகு, ஒரு நாள் விடிந்ததும் நீர்நாய் வளையை விட்டுக் கிளம்பியது. நொண்டிக்கொண்டே நடந்தது. பின்னால் இரண்டு குட்டிகள் வந்தன. மூன்றாவது குட்டி அன்று காலையில் எழுந்திருக்கவே இல்லை. தாய் அதை நாக்கால் நக்கி நக்கிப் பார்த்துவிட்டு, வளையின் வாயைச் சேற்றால் மூடிவிட்டுத்தான் வந்திருந்தது.

குழந்தைகளே, பெரியவர்களே, தன் தேவையைப் பயந்து மறைத்துச் சொல்பவருக்கு அவருடைய பங்கை எடுத்துவைக்க யாராலும் முடியாது.