சேர்மன் வீட்டுப் பத்தியம்

"வேற என்ன டாக்டர்? சமையல்காரி எண்ணெயைக் கொட்டுறா, என் பொண்ணு பூரி மாதிரி உப்புறா!" என்று சேர்மன் தணிகாசலம் சொன்னது, காபித் தட்டோடு வந்த செங்கமலத்தின் காதில் விழுந்தது.

ஒன்பது வயதுக் குமுதினிக்கு வயதுக்கு மீறிய பருமன். கேழ்வரகு அடை, சுண்டல், கீரை என்று டாக்டர் பட்டியல் எழுதித் தந்தார்.

"இனி ஒரு கிலோ ஏறினாலும் உனக்கு இங்கே வேலை கிடையாது" என்றார் சேர்மன். செங்கமலத்துக்கோ அந்த அடுப்படியை விட்டால் வேறு பிழைப்பில்லை. பட்டியல் பிசகாமல் சமைத்தாள். சேர்மனும் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்க் குழந்தைப் பருமனை எதிர்த்து முழங்கினார். போன இடமெல்லாம் மாலையும் லட்டுப் பெட்டியும் கொடுத்தார்கள்.

மறுமாதம் டாக்டர் வந்து நிறுத்துப் பார்த்தால், இரண்டு கிலோ ஏறியிருந்தது.

"மூட்டையைக் கட்டுடி!" என்றார் சேர்மன்.

"கட்டுறேங்கய்யா. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். கைக்குழந்தைக்கு மாந்தம்னா பத்தியம் யாரு இருப்பாங்க?"

"இதுகூடத் தெரியாதா? பால் கொடுக்கிற தாய்தான்."

"அப்ப பாப்பாவுக்குத் தினம் கையால ஊட்டுறது யாருங்கய்யா?"

சேர்மன் வாய் திறப்பதற்குள் குமுதினி முந்திக்கொண்டாள். "அப்பாதான்! மீட்டிங் லட்டு. இன்னிக்கும் ஜிப்பாவுல இருக்கு."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். செங்கமலம் இரண்டு தட்டுகளில் அடையும் கீரையும் வைத்து, பெரிய தட்டைச் சேர்மன் பக்கம் நகர்த்தினாள்.

சேர்மன் ஜிப்பாப் பையிலிருந்து இரண்டு லட்டுகளை எடுத்து டாக்டர் முன்னால் வைத்துவிட்டு, அடையைப் பிட்டார்.