பாதி பானெட்

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கார் பட்டறை. அங்கே தண்ணீர் அடித்துக் கார் கழுவுகிறவள் முத்துப்பேச்சி. மூன்று மாதமாகச் செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, ஒரு பழைய கார்க் கதவில் பாலிஷ் மெஷினை ஓட்டிப் பழகிவிட்டாள். பாலிஷ் மாஸ்டர் தங்கதுரைக்கு அது பொறுக்குமா?

அன்றைக்கு வக்கீல் ஆவுடையப்பனுடைய கறுப்புக் கார் வந்து நின்றது. முன்பக்க மூடி, அதுதான் பானெட், முழுக்கக் கீறல்.

"ஏ பேச்சி! பாதி உனக்கு, பாதி எனக்கு. யார் பக்கம் கீறல் தெரியுதோ, அவங்க இனி மெஷினைத் தொடவே கூடாது. சம்மதமா?" என்றார் மாஸ்டர்.

"சரி அண்ணாச்சி."

மெஷின் சத்தம் தெருவையே கூட்டிவிட்டது. மாஸ்டர் கால் மணி நேரத்தில் முடித்தார். அவர் பக்கம் தகதகவென்று மின்னியது. பேச்சி கட்டம் கட்டமாக, நிதானமாக ஓட்டி, மத்தியானம்தான் நிமிர்ந்தாள். அவள் பக்கம் மினுக்கம் ஒரு பிடி கம்மிதான்.

"தோத்தியா?" என்று மாஸ்டர் மீசையைத் தடவினார்.

"உங்க பக்கம்தான் பளபளப்பு அண்ணாச்சி. ரெண்டு பக்கமும் பிசுக்கா இருக்கு. ஸ்பிரிட்ல ஒரு துடை துடைச்சுட்டுத் தோல்வியை ஒத்துக்கிடுதேன்."

"துடை, துடை! நல்லாத் துடை!"

துடைத்தாள். அவ்வளவுதான்! மாஸ்டர் எண்ணெய்ப் பாலிஷைப் பூசி மூடியிருந்த கீறல் அத்தனையும் சிலந்தி வலையாக எழுந்து நின்றது. பேச்சி பக்கமோ துடைக்கத் துடைக்கக் கறுப்பு. குனிந்து பார்த்த வக்கீல் முகமே அதில் தெரிந்தது.

"மிச்சத்தையும் இந்தம்மாவே போடட்டும்" என்றார் வக்கீல்.

பேச்சி மெஷினைத் தூக்கினாள்.

"அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க நிழல் விழுந்தா கீறல் தெரியமாட்டேங்குது."