அலகில்லாத பத்து

மதிலூர் அரசன் வீரகேதுவுக்குப் போரென்றால் பயமில்லை; மகளின் மதிப்பெண் என்றால்தான் பயம். பக்கத்து நாட்டு இளவரசன் இயற்பியலில் நூற்றுக்கு நூறு வாங்கினான் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இளவரசி நங்கையோ சறுக்கிவிட்டாள். நிறை ஐந்து கிலோகிராம், முடுக்கம் வினாடிக்கு வினாடி நான்கு மீட்டர், விசையை நியூட்டனில் காண்க என்பது கேள்வி. சரியாகப் பெருக்கி, இருபது என்று எழுதினாள். பக்கத்தில் நியூட்டன் போட மறந்துபோனாள். அலகில்லாத எண் பூஜ்யத்துக்குச் சமம் என்று சிகாமணி வாத்தியார் சிவப்பு மையில் பெரிய முட்டையாகப் போட்டார். அதோடு விட்டாரா? தம்முடைய பயிற்சிக் கோட்டைக்குப் பெண்ணை அனுப்பும்படி அரசனிடம் ஓதினார். அங்கே குளிக்கும்போதும் சூத்திரம், சாப்பிடும்போதும் சூத்திரம். தாய்முகம் பார்ப்பது தேர்வு முடிந்த பிறகுதான்.

அரசி கோதைக்கு மனம் ஒப்பவில்லை. அம்மாவின் முந்தானையைப் பிடிக்காமல் தூங்காத பிள்ளை அது. அவையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன அந்துவனைக் கூப்பிட்டு அழுதாள். பார்த்துக்கொள்கிறேன் தாயே என்று போனான் அவன்.

மறுநாள் அவையில் வாத்தியார் கேட்டார். "எத்தனை மாதம் வைத்துக்கொள்ளட்டும், மன்னா?"

"பத்து," என்றான் அரசன்.

நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று முந்திக்கொண்டான் அந்துவன். வண்டி பயிற்சிக் கோட்டை வாசல்வரை போனது, அப்படியே திரும்பியது. அவை கலையுமுன் நங்கை அம்மா மடியில் இருந்தாள்.

அரசன் சீறினான். "பத்து என்றேனே?"

"அலகு சொல்லவில்லையே, மன்னா. வாத்தியார் கணக்கில் அது பூஜ்யம். பூஜ்யம் இருந்துவிட்டு வந்துவிட்டாள்."

வாத்தியார் துள்ளி எழுந்தார். "எத்தனை மாதம் என்றுதானே ஐயா கேட்டேன்? கேள்வியிலேயே அலகு இருக்கிறது. அதை மன்னர் திருப்பி வேறு சொல்லணுமா?"

"வேண்டாம்தான் வாத்தியாரே. நங்கையின் கேள்வியிலும் நியூட்டன் இருந்தாரே."

கோதை அரசனின் மீசையையே பார்த்தாள். அதன் நுனி துடித்தது. பிறகு அவையே அதிரச் சிரித்தான். பிள்ளை வீட்டிலேயே படிக்கட்டும் என்றான். அந்துவனுக்கு முத்துமாலை கிடைத்தது.

"நம் வாத்தியாருக்கும் பத்து கொடுங்கள்," என்றான் அரசன்.

சேவகன் கஜானாக் கதவை ஒருமுறை பார்த்தான். தூணில் தொங்கிய சவுக்கை ஒருமுறை பார்த்தான்.

வாத்தியார் அவசரமாகக் கைகூப்பினார். "அலகில்லாத எண் பூஜ்யம்தான், மன்னா. எனக்குப் பூஜ்யமே போதும்."