ஓடக்காரன் தூக்கிய கை

முன்னொரு காலத்தில் மாங்குளி நாட்டைத் தென்னவராயன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். மனசு நல்ல மனசுதான். ஆனால் காலையில் ஒன்று சொல்வான், மாலையில் வேறொன்று சொல்வான். இன்றைக்குத் தானே மாலை போட்டுப் பாராட்டியவனை நாளைக்கு யாரென்று கேட்பான். அவனிடம் அம்பலத்தரையர் என்றொரு மந்திரி இருந்தார். காளிங்கன் என்றொரு காவல் தலைவனும் இருந்தான். மந்திரியின் விரலில் இருக்கும் முத்திரை மோதிரத்தைப் பார்க்கும்போதெல்லாம் காளிங்கனுக்கு வயிறு எரியும்.

அந்த வருஷம் தேர்த் திருவிழாவில் ராஜாவின் யானை வீதியில் வந்துகொண்டிருந்தது. வீரணன் என்ற ஓடக்காரன் குறுக்கே மாட்டிக்கொண்டான்.

"நில்!" என்றான் ஒரு காவலன்.

"ஓடு!" என்றான் இன்னொருவன்.

எதைக் கேட்பது என்று அவன் திகைத்து நிற்கும்போதே தடிகள் இறங்கின. இரண்டு கையாலும் தலையை மறைத்துக்கொண்டான். அடி நிற்கவில்லை. யானை அந்த இடத்தைத் தாண்டும்போது வீரணன் உயிர் போயிருந்தது.

அவன் மனைவி வெள்ளையம்மாள். சாயங்காலம் ஆனால் அவள் கால்கள் தானாகத் துறைக்குப் போய்விடும். அக்கரையிலிருந்து வரும் ஒவ்வொரு ஓடத்திலும் துடுப்புப் போடுகிற தோளைப் பார்ப்பாள். அவனாக இருக்காது என்று தெரியும். தெரிந்தும் கடைசி ஓடம் கரை சேரும்வரை நிற்பாள். வீட்டுக்கு வந்து இரண்டு பேருக்கு உலை வைப்பாள். அரிசி வெந்த பிறகுதான் நினைவு வரும். அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிடுவாள்.

ஊர் இரண்டுபட்டது. "தடி இல்லாவிட்டால் திருடன் பட்டப்பகலில் வீட்டுச் சுவரில் கன்னம் வைப்பான்" என்றார்கள் வசதியானவர்கள். "திருடனை அடித்த தடியை நாங்கள் பார்த்ததே இல்லையே" என்றார்கள் துறைக்காரர்கள். கூட்டம் அரண்மனை வாசலுக்கே வந்துவிட்டது. ராஜாவுக்கு மத்தியான உறக்கம் கெட்டது. வழக்கைச் சபையில் வைத்தான். ஊர்ஜனம் மண்டபம் நிறைய வந்து நின்றது. முன்வரிசையில் வெள்ளையம்மாளும், ஒரு பக்கம் வீரணனை அடித்த காவலர்களும் நின்றார்கள்.

காளிங்கன் மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தான். "அரசே, என் ஆட்கள் ஒரு தட்டுத் தட்டியதும் அவன் கையைத் தூக்கினான். காவலன்மேல் தூக்கிய கை, தங்கள்மேல் தூக்கிய கை அல்லவா? அதனால்தான் மேலும் அடித்தார்கள்."

"சரியாகச் சொன்னாய்!" என்றான் ராஜா.

அம்பலத்தரையர் மெதுவாக எழுந்தார். "அரசே, அடிக்கத் தூக்கிய கை வேறு. அடி தாங்கத் தூக்கிய கை வேறு."

"கையைப் பார்த்து எப்படிப் பிரிப்பீர் மந்திரியாரே? ரேகை பார்ப்பீரோ?" என்று காளிங்கன் கேட்க, சபை சிரித்தது.

ராஜாவுக்கும் வேடிக்கை பிடித்துவிட்டது. "மந்திரி! சபை கலைவதற்குள் இதை நீர் நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் உம் மோதிரம் காளிங்கனுக்கு."

"ஆகட்டும் அரசே. ஆனால் அதற்கு ஒரு மகாவீரன் வேண்டும். சாதாரண ஆளுக்கு நடுக்கம் வந்துவிடும்."

"நான் இருக்கிறேனே!" என்று காளிங்கன் முன்னால் குதித்தான்.

"உம்மைத்தான் நினைத்தேன். கையைக் கட்டிக்கொண்டு நில்லும். தடி உம் தலைக்கு நேரே வரும், ஆனால் மேலே படாது. கையை அசைக்காமல் நின்றால் மோதிரம் உமக்கு."

"இவ்வளவுதானா? வீசச் சொல்லும்!"

மந்திரி ஒரு காவலனின் தடியை வாங்கினார். நேராக வெள்ளையம்மாளிடம் போய் அவள் கையில் கொடுத்தார்.

சபையில் சிரிப்பு நின்றது. காளிங்கன் முகம் வெளுத்தது. வெள்ளையம்மாள் தடியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு தலைக்கு மேலே ஓங்கி இறக்கினாள்.

"ஐயோ!"

தடி ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. காளிங்கனின் இரண்டு கைகளும் தலைக்கு மேலே இருந்தன.

"அரசே, பாருங்கள்! காவல் தலைவர் ஒரு பெண்மேல் கையைத் தூக்கிவிட்டார்" என்றார் மந்திரி.

"இல்லை! நான் தூக்கவில்லை, தானாக வந்துவிட்டது! அவள் கண்ணைப் பார்த்தீர்களா? கொன்றே போடுவாள் என்று பயந்துவிட்டேன்!"

"வீரணனும் அப்படித்தான் பயந்தான். அவன் பயந்தபடியே நடந்துவிட்டது."

ராஜா சிரிக்க வாயெடுத்தான். சிரிப்பு வரவில்லை. சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்தான். பிறகு காளிங்கனின் வாளையும் பட்டத்தையும் அங்கேயே பறித்தான். அடித்தவர்களும் அடிக்க விட்டவனும் கொலைக்குற்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றான். இனி அடித்துக்கொல்ல வருபவனைத் தவிர யார்மேலும் தடி படக்கூடாது என்று பறையறையச் சொன்னான். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினான்.

"எனக்கு வேண்டாம் அரசே. அந்தம்மாவைக் கேளுங்கள்" என்றார் அம்பலத்தரையர்.

"கேளம்மா, எது வேண்டுமானாலும் கேள்."

வெள்ளையம்மாள் தடியைக் கீழே வைத்தாள். "எனக்கு வேண்டியதை உங்களால தர முடியாது மகாராஜா. ஒண்ணே ஒண்ணு. அவர் கடைசியா என்ன சொன்னார்னு எனக்குத் தெரியலை. பக்கத்துல இருந்தது இவங்க மட்டும்தான். அதைச் சொல்லச் சொல்லுங்க."

 அடித்த காவலர்களில் உடையான் என்பவன் முன்னால் வந்தான். "'சிட்டு, சிட்டு'ன்னு கூப்பிட்டார் தாயே. புத்தி கலங்கிக் குருவியைக் கூப்பிடறார்னு நினைச்சு... சிரிச்சோம்."

"குருவி இல்லை" என்றாள் அவள். "அது நான்தான். அவர் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவார்."

அவள் உடையானுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க. அவர் கூப்பிட்ட மாதிரியே."

உடையான் ராஜாவைப் பார்த்தான். ராஜா முகத்தை மூடிக்கொண்டிருந்தான். கடைசியில் மெல்ல, யாரையோ அக்கரையிலிருந்து அழைப்பதுபோல, அவன் சொன்னான்:

"சிட்டு..."

வெள்ளையம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இதோ வந்துட்டேன்" என்றாள்.