மங்களேஸ்வரி மீறிய வாக்கு

தீர்ப்பை நீங்கள்தான் சொல்லவேண்டும். ஆகையால் அவசரப்படாமல் கேளுங்கள்.

அமெரிக்காவின் தெற்கு எல்லையில், பாலைவனத்தை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் மங்களேஸ்வரி தனியே வாழ்ந்தாள். யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் பிறந்தவள். கணவர் இறந்து நான்கு வருடமாக அந்த வீட்டில் தமிழ்ச் சத்தமே இல்லை. சனிக்கிழமைகளில் ஒரு தொண்டர் குழுவுக்காகத் தண்ணீர்க் கேன்களைச் சுமந்துபோய், எல்லை கடந்து நடந்து வருகிறவர்கள் கண்ணில் படும்படி வைத்துவிட்டு வருவாள். குடித்தவர் முகத்தை அவள் ஒருநாளும் கண்டதில்லை. காலிக் கேன்களைத்தான் கண்டாள்.

குழுவுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. சம்பந்தப்பட்டவர் சம்மதமில்லாமல் மீட்பு ஹெலிகாப்டரை அழைக்கக்கூடாது. அது வந்தால் எல்லைக் காவலரும் கூடவே வருவார்கள்.

ஆனி மாதத்து நண்பகல் ஒன்றில், முள்மரத்தடியில் இரண்டு பேர் கிடப்பதைக் கண்டாள். ஒருவன் மற்றவனை உலுக்கி, "எழும்படா யோகன், தண்ணி வருது" என்றான்.

மங்களேஸ்வரி கேன்களை இறக்கி வைத்துவிட்டுக் கிட்டப் போனாள். "தம்பியவை, நீங்கள் தமிழே?"

யோகனுக்குக் கால் வீங்கி, உடம்பு அனலாய்க் கொதித்தது. புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. கூட வந்த வசீகரனால் நடக்க முடியும். வழிகாட்டி முதல்நாளே இருவரையும் கைவிட்டுப் போயிருந்தான்.

"அன்ரி, ஒருத்தரையும் கூப்பிடாதேங்கோ" என்றான் யோகன். "இவன்ர மனிசி முந்தியே இந்த நாட்டுக்கு வந்து காத்துக்கொண்டிருக்கிறா. பிறந்த பிள்ளையை இவன் இன்னும் காணேல்லை. என்னால இவன் பிடிபடக்கூடாது. சத்தியம் பண்ணுங்கோ."

அவள் சத்தியம் செய்தாள்.

தண்ணீர் கொடுத்தும், அரை மணி நேரத்தில் யோகனுக்கு வியர்வை நின்றது. பேச்சுக் குழறி நினைவு தப்பியது. அவளுடைய வண்டி ஒரு மணி நேர நடைத் தொலைவில் நின்றது. இருவராலும் அவனைத் தூக்கிப்போக முடியாது. பக்கத்துக் குன்றின் மேல் ஏறினால் தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும்.

"கூப்பிடட்டே?" என்று வசீகரனிடம் கேட்டாள்.

"கூப்பிடுங்கோ அன்ரி."

"அப்ப நீர் இப்பவே நடவும். இவரை நான் பாத்துக்கொள்ளுறன்."

அவன் நனைத்த துணியை நண்பனின் நெற்றியில் போட்டான். "கண் முழிச்சால் தெரிஞ்ச முகம் ஒண்டு வேணும். நான் நிக்கிறன்."

அவள் குன்றேறி அழைத்தாள்.

யோகன் பிழைத்தான். வசீகரன் தடுப்பு முகாமில் கண்ணாடிக்கு இப்பால் நின்று, அப்பாலிருந்த மகளை ஒரேயொரு முறை பார்த்தான். பிறகு திருப்பி அனுப்பப்பட்டான். மருத்துவமனைக்குப் போன மங்களேஸ்வரியிடம், "நான் உங்களிட்டக் கேட்டது ஒண்டே ஒண்டுதானே" என்று மட்டும் சொல்லிவிட்டு, யோகன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். காவலர்கள் அவனையும் முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

சத்தியம் வாங்கிய யோகனா, போகாமல் நின்ற வசீகரனா, வாக்கை மீறிய மங்களேஸ்வரியா? இதில் யார் செய்தது சரி?

விடை: யோகன் தன் உயிரைக் கொடுத்து நண்பனுக்கு வழிவிடப் பார்த்தான். அந்த விலைக்கு அந்த வழி வேண்டுமா என்று சொல்லவேண்டியவன் வசீகரன். கூப்பிடச் சொன்னபோதே அவன் அது வேண்டாம் என்றுவிட்டான். யாருக்காக வாங்கிய சத்தியமோ, அவனே அதை அவிழ்த்துவிட்ட பிறகு மங்களேஸ்வரி அழைத்தது சரிதான். வசீகரன் நின்றதும் சரியா என்பதை அவன் மனைவிதான் சொல்லவேண்டும். மங்களேஸ்வரி இந்த நியாயத்தையெல்லாம் எழுதி யோகனுக்கு மூன்று கடிதம் போட்டாள். மூன்றும் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன.